சிவப்பு முளைகளுக்கு நடுவே ஒரு பாதை: அப்புத்தளைச் சரிவில் ஒரு நிகழ்வு ஆய்வு

2023 பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, ஏழாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு மரமுளையோடு பள்ளிக்கு வந்தார்கள். ஓரடி நீளம், தலையில் சிவப்புப் பெயின்ட். "பாதையில அடிச்சிருக்காங்க சேர். தடுக்கி விழுந்தோம், புடுங்கிட்டோம்" என்றார்கள். சர்வேயர் அடித்த முளையைப் பிடுங்கக் கூடாது என்று சொல்லி, பள்ளி விட்டதும் அவர்களோடு போய் அதே குழியில் திரும்ப நடச் செய்தேன். நட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் வரிசை கண்ணில் பட்டது. ஓடைக்கரையோரமாக, நடைபாதையின் மேலேயே, வளைவு வரைக்கும் சிவப்புத் தலைகள்.

அந்த முளைகளுக்கும் அந்தப் பாதைக்கும் இடையில் அடுத்த மூன்று வருஷத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கை மலைநாட்டைப் புரட்டிப்போட்ட பிறகு, பாதுகாப்பான காணி தேடும் குடும்பங்கள் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை எங்கும் இருக்கின்றன. அவர்களுக்கு வீடு கட்டியாக வேண்டும். ஆகவே இன்னும் பல சரிவுகளில் இதே சிவப்பு முளைகள் அடிக்கப்படும். எங்களுக்கு எது பலித்தது, எதில் தவறினோம் என்பது அங்கே யாருக்காவது உதவலாம்.

பாதை

அப்புத்தளையிலிருந்து தெற்கே இறங்கும் சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். பஸ் ரோட்டில் மாரியம்மன் கோயிலடியில் தொடங்கும் பாதை, கீழ் டிவிஷனில் தண்ணீர் பிடிக்கும் பீலியைத் தாண்டி ஓடையைப் பிடித்துக்கொண்டு ஏறி, தோட்டத்துக்குள் மிஞ்சியிருக்கும் சின்னக் காட்டுத் துண்டு ஒன்றினுள் நுழைந்து, மேலே மொட்டைப் பாறையில் முடிகிறது. மூன்றரைக் கிலோமீற்றர். பாறையில் நின்றால் காலை வெயிலில் தெற்குச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். உடவளவைக் குளம் தகடு மாதிரி மின்னும்.

காட்டுத் துண்டு சிறியதுதான், ஆனால் உயிருள்ள இடம். கரடிக்குரங்கு என்று நாங்கள் சொல்லும் மலைநாட்டுக் கருங்குரங்கு அங்கே குடும்பமாக இருக்கிறது. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியை என் மாணவர்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது. கொழும்பிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்கள் கமராவோடு காத்திருந்து பார்ப்பதை எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடிதான் பெரும்பாடு. சவர்க்காரக் கட்டியைக் காலில் தேய்த்துக்கொண்டு நடப்போம்.

இந்தப் பாதை எந்தத் திட்டத்திலும் போடப்பட்டது இல்லை. கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போன கால்கள், மழைக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்குப் போன கால்கள், திருவிழாவுக்குக் காவடி எடுத்த கால்கள், பாடையைத் தூக்கிப் போன கால்கள் எல்லாம் சேர்ந்து போட்டது. சில வருஷமாகத்தான் வெளியாட்களும் வருகிறார்கள். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. பழைய தோட்டத்துப் பாதைகளையே அதற்கும் எடுத்துக் கோத்தார்கள். அது அப்புத்தளைப் பக்கம் வந்த பிறகு, அதில் இல்லாத எங்கள் பாதைக்கும் ஆட்கள் பிரிந்து வரத் தொடங்கினார்கள். இரண்டு இளைஞர்கள் வழிகாட்டிகளானார்கள். கோயிலடியில் ஒரு அக்கா ரொட்டியும் இஞ்சித் தேநீரும் போட்டாள்.

வீடு

முளை அடித்தது 38 குடும்பங்களுக்கு வீடு கட்ட. தலைக்கு 7 பேர்ச்சஸ் காணி (160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர்), 550 சதுர அடியில் ஒரு வீடு. மலையகத்தில் அந்த நாட்களில் கட்டப்பட்ட தனி வீடுகள் பலவும் இந்தக் கணக்குத்தான். இடம், விளைச்சல் விட்டுப்போய்க் காடு பிடித்துக் கிடந்த ஒரு தேயிலை மலை. அதன் கீழ் விளிம்பில் ஓடை, ஓடையோரமாக எங்கள் பாதை.

நான் பிறந்ததும் லயத்தில்தான், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகளில் ஒன்றில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் படுத்த வீடு. அப்பா இரவு வேலை முடித்து வந்து படுக்க இடமில்லாமல் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) குந்தியிருந்ததை நான் மறக்கவில்லை. இருநூறு வருஷமாகக் காணியில்லாமல் இருந்த சனத்துக்கு 7 பேர்ச்சஸ் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் முதல் கூட்டத்தில் நான் செய்தது பிழை.

மார்ச் மாதம் கோயில் மண்டபத்தில் கூடினோம். பாதையைப் பற்றியே பேசினேன். பறவைகளைப் பற்றி, உல்லாசப் பயணிகளைப் பற்றி, வரக்கூடிய வருமானத்தைப் பற்றி. வழிகாட்டித் தம்பிகள் கைத்தொலைபேசியில் வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்களைக் காட்டினார்கள். மண்டபம் அமைதியாக இருந்தது. கடைசியில் மேல் லயத்து ஆத்தா ஒருவர் எழுந்தார். ஐம்பது வருஷம் கொழுந்து பறித்தவர்.

"வாத்தியாரே, பாதை நடக்கத்தானே? ஒழுகாத வீட்ல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சாத்தானே நடக்கவே முடியும்? வர்றவன் படம் புடிச்சிட்டுப் போயிருவான். கூரையில ஓட்டை எனக்குத்தானே இருக்கு."

யாரும் கைதட்டவில்லை. எல்லோருக்கும் அது உண்மை என்று தெரியும். அந்தக் கூட்டம் அத்தோடு கலைந்தது. அடுத்த நாளே "வாத்தியார் வீட்டைத் தடுக்கிறார்" என்ற பேச்சு மூன்று டிவிஷனுக்கும் போய்விட்டது. தோட்டத் தலைவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பேச்சை அழிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. பாதையை வீட்டுக்கு எதிரே நிறுத்தினால் பாதை தோற்கும். தோற்கவும் வேண்டும்.

காகிதத்தில் இல்லாத பாதை

வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் போனேன். "நூறு வருஷமாக நடக்கிறோம், உரிமை இல்லையா?" என்பதுதான் என் கேள்வி. அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது. பத்து வருஷத்துக்கு மேல் தடையில்லாமல் பயன்படுத்திய வழிக்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. ஆனால் அரச காணிக்கு எதிராக அதைப் பிடிக்க முடியாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992க்குப் பிறகு கம்பனிகளுக்குக் கிடைத்தது குத்தகைதான், மண் இன்னும் அரசுடையது. ஆகவே எத்தனை தலைமுறை நடந்தாலும் நடந்ததே உரிமையாகிவிடாது. தனியார் காணிக்குள் போகும் கிராமத்து ஒற்றையடிப் பாதைக்கு இருக்கும் பிடி, எங்கள் தோட்டத்துப் பாதைக்கு இல்லை.

சுற்றாடல் சட்டம் காப்பாற்றும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வந்த வர்த்தமானி, எந்தத் திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. வீடமைப்பென்றால் ஆயிரம் வீட்டுக்கு மேல் போக வேண்டும். மீள்குடியேற்றமென்றால் நூறு குடும்பத்துக்கு மேல். எங்களுடையது 38. வனப் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட காடு நூறு மீற்றருக்குள் இருந்தால் கதை வேறு. எங்கள் காட்டுத் துண்டு தோட்டத்துக்குச் சொந்தமான வெறும் காடு, வர்த்தமானியில் ஏறாதது. ஓடை 25 மீற்றருக்கு மேல் அகலமாக இருந்தால் அதன் கரையிலிருந்து 60 மீற்றர் கணக்கில் வரும். எங்கள் ஓடையைப் பிள்ளைகள் தாண்டிக் குதிப்பார்கள்.

மலைநாட்டில் வீடமைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. இங்கே முப்பது, அங்கே ஐம்பது. ஒவ்வொன்றும் சட்டத்தின் அளவுக்குக் கீழே. ஒரு மலையில் ஐந்து திட்டம் வந்தாலும் அந்த மலையை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. இது பெரிய ஓட்டை என்பது என் உறுதியான கருத்து.

சரி, முதலில் திட்டத்தின் வரைபடத்தையாவது பார்ப்போம் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். கட்டணம் பெரிதில்லை, கையால் எழுதிக் கொடுக்கலாம், தமிழிலும் கொடுக்கலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். முதல் அலுவலகம் வேறு அலுவலகத்தைக் காட்டியது. அங்கே பதில் வராமல் மேன்முறையீடு செய்தேன். ஜூன் கடைசியில் காணிப் பிரிப்பு வரைபடம் கைக்கு வந்தது.

வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து அழாத குறை. 38 கட்டங்கள், நடுவே ஒரு ரோடு, ஓரத்தில் ஓடை. பாதை இல்லை. புள்ளிக்கோடு கூட இல்லை. திட்டம் போட்டவர்கள் பாதையை வேண்டுமென்று அழித்ததாக நான் நினைக்கவில்லை. அவர்களிடம் இருந்த படத்தில் அது இல்லை, அவ்வளவுதான். ஓடையோரம் மட்டமாக ஒரு தடம் கிடக்கிறது, அதை அகலமாக்கினால் ரோட்டுச் செலவு குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் வேலை தெளிவானது. பாதையைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும். க.பொ.த. சாதாரண தர வகுப்பு மாணவர்கள் ஒன்பது பேர் தொலைபேசியில் இடங்காட்டியைப் போட்டுக்கொண்டு மூன்று சனிக்கிழமை நடந்து, ஒவ்வொரு வளைவையும் குறித்தார்கள். இன்னொரு பக்கம், நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படத்தைத் தேடி எடுத்தோம். அதில் ஒரு மெல்லிய விட்டுவிட்ட கோடு, ஓடையோரமாக, பாறை வரைக்கும். பிள்ளைகள் எடுத்த கோட்டை அதன் மேல் வைத்தபோது ஏறக்குறையப் பொருந்தியது. என் முப்பது வருஷ ஆசிரிய வாழ்க்கையில் புவியியல் பாடம் இவ்வளவு பயன்பட்ட நாள் வேறில்லை.

கான் வெட்டிய பெரியவர்

திருப்பம் இந்தக் காகிதங்களால் வரவில்லை. இளைப்பாறிய தொழிலாளி ஒருவரால் வந்தது. நாற்பது வருஷம் கான் வெட்டியவர். தேயிலை மலையில் கான் என்பது சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வில் வெட்டும் வடிகால். மழைத்தண்ணீரை மண்ணுக்குள் அளவுக்கு மேல் இறங்க விடாமல் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் சேர்ப்பது அதன் வேலை. ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை அவரோடு பாதையில் நடந்தேன். பாதையின் மேல் ஓரத்தில் புல் மூடியிருந்த பள்ளத்தைக் கம்பால் கிளறினார்.

"இது பாதை மட்டும் இல்லை தம்பி. தலைக்கான். மேல இருக்கிற மலை முழுசும் குடிக்கிற தண்ணி இதுலதான் வந்து எறங்கும். இதை வெட்டி ரோடு போட்டு மண்ணைக் கீழ தள்ளுனா, தண்ணி எங்க போகும்? மலைக்குள்ளதான் போகும்."

அவர் சொன்னதைப் புத்தகமும் சொல்கிறது. சரிவின் அடியை வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி மட்டம் பிடித்தால், அந்தப் புதுமண் இறுகாமல் நிற்கும். வடிகால் அடைபட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் தேங்கி, மண்ணைத் தூக்கிவிடும். பராமரிப்பு விட்டுப்போன தேயிலை மலையில் கான்கள் தூர்ந்து கிடப்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். திட்டத்தின் ரோடு இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்யப் போனது.

எங்கள் ஆட்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தை இங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரம். 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்த லயங்கள் மண்ணுக்குள் போனபோது, எங்கள் தோட்டத்திலிருந்தும் மண்வெட்டியோடு ஓடினவர்கள் உண்டு. அந்த மலை ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. சனத்துக்குப் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. மலையக மக்கள் வந்து 200 வருஷமானதை ஒட்டி 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து தொடங்கிய நடைபயணம், ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. காணியும் வீடும் அந்த நடையின் முக்கியமான கோரிக்கைகள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் கடைசி நாட்களில் போய்ச் சேர்ந்து நடந்தார்கள். முதல் கூட்டத்தில் வெள்ளைக்காரர் படங்களைக் காட்டிய அதே வழிகாட்டித் தம்பி, திரும்பி வந்து லயம் லயமாகப் போய்ப் பேசினான். இந்தத் தடவை படம் காட்டவில்லை. பாட்டன் பூட்டன் போட்ட வழியும் நமக்கு வேண்டும், நம்ம பெயரில் காணியும் வேண்டும், இரண்டையும் ஒரே தாளில் கேட்போம் என்றான். நான் ஐந்து மாதம் முன்பு சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.

பெண்கள் சேர்த்தவை

செப்டெம்பரில் இரண்டாவது கூட்டம். இம்முறை கோயில் மண்டபத்தில் இல்லை, முளை அடித்த இடத்திலேயே. வீடு கிடைக்கப்போகும் 38 குடும்பத்தையும் அழைத்து வரைபடத்தோடு நடந்தோம். அவரவர் காணி எது என்று கட்டத்தின் நடுவே நின்று பார்த்தார்கள். அதுவரை யாரும் அவர்களுக்கு அதைக் காட்டியிருக்கவில்லை.

ஓடைக்கரையில் இருந்த ஆறு கட்டங்களில் வந்து நின்றோம். கீழ் டிவிஷன் பெண்கள் அங்கே பேசத் தொடங்கினார்கள். அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழே அவர்கள் பீலியில் விழுகிறது. குடிக்கவும் சமைக்கவும் அதுவே. ஆறு வீட்டு மலசலகூடக் குழிகளும் கரையிலிருந்து சில அடி தூரத்தில் வரப்போகின்றன என்பதை வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார் ஒரு தாய். பாதையைப் பற்றிய என் கோப்பில் இந்த விஷயம் ஒரு வரிகூட இருக்கவில்லை. நான் குருவியைப் பார்த்தேன், அவர்கள் குடத்தைப் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் அவர்கள்தான் கேட்டார்கள். திட்டத்தில் எல்லா வீட்டுக்கும் பின்பக்கம் பாதையை நோக்கி இருந்தது. முதுகைக் காட்டும் வீட்டு வரிசைக்கும் காட்டுக்கும் நடுவே, மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகள் தனியே நடக்க வேண்டும். வாசல் பாதையைப் பார்க்கட்டும், வாசலில் விளக்கு எரியட்டும் என்றார்கள். பாதையைக் காப்பாற்ற வீட்டைத் தள்ளிவைக்க வேண்டும் என்றே யோசித்திருந்த எனக்கு, வீடுதான் பாதைக்குக் காவல் என்று அந்த மாலையில் புரிந்தது.

அங்கேயே ஒரு மனு எழுதினோம். முதல் வரி: எங்களுக்கு 38 வீடும் வேண்டும், ஒன்றும் குறையக் கூடாது. அதற்குப் பிறகுதான் ஓடையிலிருந்து பத்து மீற்றர் விடுவது, பாதையைப் பொது நடைபாதையாக வரைபடத்தில் போடுவது, தலைக்கானைத் துப்புரவாக்குவது, ரோட்டை மேல்பக்கத்துப் பழைய கார்ட் ரோடான வண்டிப் பாதையிலிருந்து இறக்குவது, வாசலைத் திருப்புவது. கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அந்த ஆத்தா. தோட்டத் தலைவர் கடைசியாகப் போட்டார். போட்டதோடு நிற்காமல், மனுவை ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அவரே கொண்டுபோனார்.

திருத்திய படம்

நிலச்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். எங்களுக்குக் கிடைத்த உண்மையான பிடி இதுதான். பாதை என்ற பேச்சில் அசையாத மேசைகள், சரிவு என்ற பேச்சில் அசைந்தன. ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பெரியவரோடு தலைக்கானில் ஒரு மணிநேரம் நடந்தார். ஓடையோரக் கட்டங்களும் கீழ் ரோடும் கூடாது என்று முடிவு வந்தது.

அதற்குள் ஒரு இழப்பு நடந்துவிட்டது. டிசெம்பரில், பள்ளி விடுமுறையில், ஒப்பந்தக்காரரின் பெக்கோ இயந்திரம் வந்து கோயில் பக்கமிருந்து 150 மீற்றர் அளவுக்குப் பாதையைத் தோண்டிப் போட்டது. ஓடைக்கு நிழல் கொடுத்த மரங்கள் சாய்ந்தன. கொழுந்துக்குப் போகும்போது எல்லோரும் ஒரு பூ வைத்துவிட்டுப் போகும் முனிக்கல் புரண்டு ஓடையில் கிடந்தது. மனு எல்லா மேசையிலும் இருந்தது. ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லும் ஒரு தாள் யாரிடமும் இல்லை. மனுவோடு சேர்த்து, முடிவு வரும்வரை மண்ணில் கை வைக்க வேண்டாம் என்று எழுத்தில் ஒரு பதிலை நாங்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அந்த 150 மீற்றரில் இப்போது நிழல் இல்லை. குருவிச் சத்தமும் இல்லை.

2024 ஏப்ரலில் திருத்திய வரைபடம் வந்தது. ரோடு மேலிருந்து இறங்கியது. ஆறு கட்டங்கள் ஓடையை விட்டு, பிள்ளைக் காம்பராவுக்கு (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) மேலே உள்ள மட்டத்துக்கு நகர்ந்தன. பாதை, இரண்டு மீற்றர் அகலத்தில், கானோடு சேர்த்து, "பொது நடைபாதை" என்ற எழுத்தோடு படத்தில் ஏறியது. வாசல் திருப்பியது பதினான்கு வீட்டுக்கு மட்டும். மற்றவற்றுக்குச் சரிவு ஒத்துவரவில்லை.

ஏழு மாதம் தாமதம். இதை மெலிதாகச் சொல்லிக் கடந்துவிட என்னால் முடியாது. அந்த ஏழு மாதத்தில் ஒரு முழு மழைக்காலம் போனது. ஒழுகும் கூரைக்குக் கீழே படங்கு கட்டிக்கொண்டு சனம் இருந்தது. நகர்ந்த ஆறு குடும்பங்களுக்கு பஸ் ரோடு இன்னும் கால்மணி நேரம் தூரமாகிவிட்டது. அவர்களில் ஒருவர் என்னுடன் பேசுவதில்லை. அவர் வீட்டில் நடக்க முடியாத தாய் இருக்கிறார். மருந்துக்குத் தூக்கிக்கொண்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு என் ஞாபகம் வரும். அந்தக் கட்டங்களை நகர்த்தும் முன் எந்தக் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, மாற்றிக் கொடுக்க வழி பார்த்திருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

மழைக்குப் பிறகு

வீடுகள் 2025 நடுப்பகுதியில் முடிந்தன. நவம்பர் கடைசி வாரத்து மழையில் மேல் மலையில் இரண்டு இடத்தில் மண் இறங்கியது. வீடுகள் நின்றன. பாதை இரண்டு இடத்தில் அறுந்தது. காட்டுக்குள் நுழையும் இடத்து மரப்பாலம் ஓடையோடு போயிற்று. தலைக்கான் அடைபட்டு வழிந்தது. மின்சாரமும் ரோடும் இல்லாத அந்த நாட்களில், கீழ் டிவிஷனுக்கு அரிசி மூட்டை போனது இந்தப் பாதையின் மிஞ்சிய பகுதியால்தான். தோளில்.

படத்தில் ஏறிய பாதையை யார் பராமரிப்பது என்ற கேள்வியை நாங்கள் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கம்பனியிடம் போனால் குத்தகைக் காணியிலிருந்து பிரித்துக் கொடுத்தாயிற்று என்கிறார்கள். பிரதேச சபையிடம் போனால் பாதை தங்கள் பட்டியலில் இல்லை என்கிறார்கள். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் நெடுநாள் இடம் கொடுக்கவில்லை. 2018இல் 33ஆம் பிரிவைத் திருத்திய பிறகுதான் கதவு திறந்தது. ஆனால் கதவு திறந்திருந்தால் போதாது, ஒவ்வொரு பாதையையும் பெயர் சொல்லி உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். திருத்திய வரைபடம் வந்த அன்றே சபையின் வீதிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டிருந்தால், இன்று பாலத்துக்கு யாரிடம் போவது என்று தெரிந்திருக்கும்.

இப்படி முளை அடிக்கப்பட்ட வேறு தோட்டத்திலிருந்து யாராவது என்னிடம் கேட்டால், முதல் நாளே வீடு கிடைக்கப்போகிறவர்களோடு அந்த நிலத்தில் நடந்து பாருங்கள் என்பேன். அதே வாரம் தகவல் விண்ணப்பத்தைப் போடுங்கள், பழைய படத்தைத் தேடுங்கள், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று வயதானவர்களைக் கேளுங்கள். மனுவோடு சேர்த்து வேலை நிறுத்தத்துக்கும் பராமரிப்புக்கும் எழுத்து கேளுங்கள். எங்களுக்கு இந்த ஒழுங்கு தலைகீழாக அமைந்தது.

ஜனவரியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் வைத்தோம். புது வீடுகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கான் வெட்டிய பெரியவர் ஒரு கல்லில் உட்கார்ந்தபடி, எந்தச் சாய்வில் வெட்ட வேண்டும் என்று பையன்களுக்குக் கயிறு பிடித்துக் காட்டினார். முனிக்கல்லை நான்கு பேர் சேர்ந்து ஓடையிலிருந்து தூக்கிப் பழைய இடத்துக்குப் பத்தடி மேலே நட்டார்கள். பாலத்துக்கு இப்போதைக்கு இரண்டு டர்பன்டைன் மரம் குறுக்கே கிடக்கிறது. மழை நாளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அதில் நடக்க விடுவதில்லை, ரோட்டைச் சுற்றி வரச் சொல்கிறோம். வீதிப் பட்டியலில் சேர்க்கக் கேட்ட விண்ணப்பம் பெப்ரவரி 9ஆம் திகதி பதிவுத் தபாலில் போனது. தலைவரும் நானும் அடுத்த சபைக் கூட்டத்துக்குப் போகிறோம். ஆத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.